சொம்புத் தண்ணீரும் தொப்பைக் கணக்கும்

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் அரை லிட்டர் தண்ணீர். தினமும் மூன்று வேளை. மாத்திரை கிடையாது, செலவு கிடையாது, ஜிம்முக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பிரெண்டா டேவி என்ற ஊட்டச்சத்து ஆய்வாளரின் குழு, 55 முதல் 75 வயது வரையுள்ள 48 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. எல்லோரும் எடை கூடியவர்கள். கலோரி குறைத்த சாப்பாட்டுத் திட்டமும் எல்லோருக்கும் பொதுதான். ஓர் அணியினர் மட்டும் ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் அந்த அரை லிட்டரைக் குடித்தார்கள். 12 வாரம் கழித்து எடை பார்த்தபோது, தண்ணீர் அணி மற்ற அணியைவிட 2 கிலோ அதிகமாக இளைத்திருந்தது. 2010-இல் இந்த முடிவு வெளியானதும் உலகமெங்கும் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின.

தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்ட செய்திக்குக் காது கொடுக்க ஆள் நிறைய. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் எடை கூடியவர்கள். அதற்கு முந்தைய, 2015-16 கணக்கெடுப்பில் இவை 31, 28 என்று இருந்தன. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு ஏறினால், சுலபமான வழி ஏதாவது உண்டா என்று தேடத்தான் செய்வார்கள். காலை நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சொல்வதும் அதுதான்: "வெறும் வயித்துல ரெண்டு சொம்பு தண்ணி குடிங்க சார், கொழுப்பெல்லாம் கரைஞ்சுடும்." சொல்பவரின் நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. கரைவதில்தான் சந்தேகம்.

வர்ஜீனியாவில் தண்ணீர் குடிக்காத அணியும் சுமார் 5 கிலோ குறைந்திருந்தது. அதாவது பெரும்பகுதி வேலையைச் செய்தது சாப்பாட்டுக் கட்டுப்பாடு. மிச்சமுள்ள 2 கிலோவுக்குத்தான் தண்ணீர் உரிமை கோரலாம். அந்த 2 கிலோவை அது எப்படிக் குறைத்தது? உடம்பின் எரிப்பைக் கூட்டியா, வயிற்றை நிரப்பியா, அல்லது வேறு ஏதோ ஒன்று வாய்க்குள் வரும் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டா? மூன்றையும் தனித்தனியாகச் சோதித்திருக்கிறார்கள். முதல் காரணத்தில் சத்து மிகக் குறைவு. இரண்டாவதில் கொஞ்சம் உண்டு, அதுவும் சிலருக்கு மட்டும். மூன்றாவதில்தான் பிடிமானம் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்திருப்பது முதலாவதுதான். அதற்கு ஒரு சுவையான முன்கதை உண்டு.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு அபூர்வமான ஒரு வகை நோயாளிகள் வருவார்கள். அவர்களுக்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் பழுதாகியிருக்கும். எழுந்து நின்றாலே ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுவார்கள். இவர்கள் அரை லிட்டர் அளவுக்குச் சாதாரணத் தண்ணீர் குடித்தால், சிறிது நேரத்தில் மேல் அழுத்தம் 30 அலகுக்கு மேல் எகிறுவதை அங்கிருந்த மருத்துவர்கள் பதிவு செய்து 2000-இல் வெளியிட்டார்கள். வெறும் தண்ணீரா இப்படிச் செய்கிறது என்று பலருக்கு நம்ப முடியவில்லை. ஆனால் விளைவு உறுதியானது. ரத்ததானம் செய்பவர்களுக்கு மயக்கம் வராமல் தடுக்க முன்கூட்டியே அரை லிட்டர் தண்ணீர் தரும் வழக்கத்துக்கு இன்று அறிவியல் ஆதரவு இருப்பதற்கு இந்த ஆராய்ச்சிகளும் ஒரு காரணம். தண்ணீர் வயிற்றில் இறங்கியதும் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. நம்மை ஓடவும் போராடவும் தயார்ப்படுத்தும் நரம்புகள் அவை.

அந்தக் குழுவில் இருந்த யென்ஸ் யோர்டான் என்ற மருத்துவர் பிறகு பெர்லினில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பரிவு நரம்பு விழித்தால் உடம்பின் எரிப்பு வேகமும் கூட வேண்டுமே என்ற கேள்வி அங்கே எழுந்தது. மிகேல் போஷ்மன் தலைமையிலான குழு ஆரோக்கியமான 14 பேரை, மூச்சுக்காற்றை வைத்து ஆற்றல் செலவைக் கணக்கிடும் அறைக்குள் உட்காரவைத்து, அரை லிட்டர் தண்ணீர் கொடுத்து அளந்தது. பத்து நிமிடத்துக்குள் எரிப்பு ஏறத் தொடங்கியது. 30, 40 நிமிடத்தில் உச்சிக்குப் போனது. ஏற்றம் 30 சதவீதம். 2003-இல் வெளியான இந்த எண்ணிக்கைதான் இன்றுவரை எல்லா "தண்ணீர் டயட்" கட்டுரைகளிலும் காணொளிகளிலும் வலம் வருகிறது.

30 சதவீதம் என்றால் பெரிதாகத் தோன்றும். ஆனால் ஏற்றம் நீடிப்பது கொஞ்ச நேரம்தான். அரை லிட்டருக்கு மொத்தக் கூடுதல் செலவு 100 கிலோஜூல், அதாவது 24 கலோரி. இரண்டு லிட்டர் குடித்தால் நூறு கலோரிக்கு அருகில், ஏறத்தாழ இரண்டு சின்ன இட்லி. நாள்தோறும் இரண்டு இட்லி சும்மா எரிந்தால் அது கணிசம்தான், அதை மறுக்கவில்லை.

மூன்று ஆண்டு கழித்து, சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் பல்கலைக்கழகத்தில் கிளைவ் பிரௌன், அப்துல் துல்லூ, ஜான் பியர் மோந்தானி மூவரும் இதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். அறை வெப்பத் தண்ணீர் குடித்தவர்களுக்கு எரிப்பு ஏறவே இல்லை. 3 டிகிரி குளிரில் கொடுத்த தண்ணீருக்கு மட்டும் ஒரு மணி நேரத்தில் 4.5 சதவீதம் ஏறியது. பெர்லின் குழு விடாமல், எடை கூடியவர்களை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில் 24 சதவீத ஏற்றத்தைக் காட்டியது. ஒரே சொம்புத் தண்ணீருக்கு இரண்டு ஆய்வகங்களில் இரண்டு விடை வரும்போது, அதை நம்பிப் பெல்ட்டில் புது ஓட்டை போடுவது சரியில்லை.

நரம்பு விவகாரத்தை விட்டுவிட்டு வெறும் இயற்பியலைப் பார்ப்போம். குளிர்ந்த தண்ணீரை 37 டிகிரிக்குக் கொண்டுவர உடம்பு வெப்பம் செலவழிக்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி என்று பள்ளியில் படித்தோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 5 டிகிரித் தண்ணீர் அரை லிட்டர் என்றால் 500 பெருக்கல் 32: 16,000 கலோரி! இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, ஐஸ் தண்ணீரே போதும், பட்டினியே வேண்டாம் என்று துள்ளியவர்கள் உண்டு. இடறுவது எங்கே என்றால், சாப்பாட்டுப் பொட்டலத்தில் "கலோரி" என்று அச்சிடுவது கிலோகலோரியை. இயற்பியல் பாடப் புத்தகத்தின் 16,000, சமையலறைக் கணக்கில் வெறும் 16. அதுவே பானைத் தண்ணீர் என்றால், 25 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும், அரை லிட்டருக்கு 6.

அந்த 16 கூட நம் ஊரில் கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு, கிட்டத்தட்ட 80 முதல் 100 வாட் வரை, வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சென்னையில் மே மாதத்தில் அதற்கு இருக்கும் பிரச்சினை வெப்பம் போதவில்லை என்பதல்ல. இருக்கிற வெப்பத்தை எங்கே கொட்டுவது என்பது. அந்த நேரத்தில் ஐஸ் தண்ணீர் உள்ளே போனால், அதைச் சூடாக்க உடம்பு புதிதாக எதையும் எரிக்க வேண்டியதில்லை. எப்படியும் வெளியே எறியப்போகிற வெப்பத்தில் கொஞ்சத்தை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். அந்த அளவுக்கு வியர்ப்பது குறையும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகச் சுமார் 0.58 கலோரி வேண்டும் என்பதால், 16 கலோரிக்கு 28 கிராம் வியர்வை மிச்சம். உடம்புக்குச் சுகம், கொழுப்பில் ஒரு பொட்டுகூடக் குறையாது. பெர்லின் குளிரில் வேண்டுமானால் கதை வேறாக இருக்கலாம்.

இனி சுடுதண்ணீர். தேனும் எலுமிச்சையும் கலந்து காலையில் குடிப்பவர்கள் எத்தனையோ பேர். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வாணலியில் கொதிநீர் ஊற்றினால் பிசுக்கு விட்டுப் போகிறதே, அதுபோல உள்ளேயும் நடக்கும் என்ற படம் மனத்தில் இருக்கிறது. குடிக்கத் தக்க சூட்டில் உள்ள தண்ணீர் இரைப்பைக்குள் போன சில நிமிடங்களில் உடம்பின் சூட்டுக்கே இறங்கிவிடும். அதுபோக, தொப்பைக் கொழுப்பு இரைப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இல்லை. தனித்தனி செல்களுக்குள் துளிகளாகப் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஹார்மோன் கட்டளை வந்தால்தான் அது உடைந்து கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் இறங்கி, தசைக்குப் போய், ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்.

எரிந்த பிறகு எங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு மருத்துவர்களே தடுமாறியதைக் கண்ட ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரௌன் என்ற இரு ஆஸ்திரேலியர்கள், 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிய 29 கிலோ ஆக்சிஜன் வேண்டும். வெளியே வருவது 28 கிலோ கரியமில வாயு, 11 கிலோ தண்ணீர். கொழுப்பின் அணுக்களை மட்டும் பின்தொடர்ந்தால், அந்த 10 கிலோவில் 8.4 கிலோ மூக்கு வழியாக மூச்சுக்காற்றாகவே போய்விடுகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராக மாறுகிறது. ஆக, தண்ணீர் கொழுப்பைக் கரைப்பதில்லை. கொழுப்பு எரிவதால்தான் தண்ணீர் பிறக்கிறது.

தேன் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்குச் சற்று மேல். பெர்லின்காரர்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டாலும் அரை லிட்டர் தண்ணீர் தரும் லாபம் 24. தேன் தண்ணீர் பிடித்தால் குடியுங்கள், தொண்டைக்கு இதமானது. ஆனால் எடைக் கணக்கில் அது வரவு அல்ல, செலவு. வெறும் சீரகத் தண்ணீர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், அதில் கலோரி என்று சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது காரணத்துக்கு வருவோம்: வயிறு நிரம்புதல். இரைப்பைச் சுவர் விரியும்போது அதிலுள்ள நரம்பு முனைகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைத் தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. போதும் என்ற உணர்வு தொடங்குவது இங்கேதான். தண்ணீராலும் இரைப்பை விரியும். சிக்கல் என்னவென்றால், வெறும் தண்ணீர் அங்கே தங்குவதில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எம்ஆர்ஐ கருவியில் படம் பிடித்துப் பார்த்தபோது, வெறும் வயிற்றில் குடித்த 240 மில்லியில் பாதி ஏறத்தாழ 13 நிமிடத்தில் இரைப்பையைத் தாண்டிவிட்டது. அரை மணி நேரம் முன்னால் குடித்தால், இலை போடும் நேரத்துக்குப் பெரும்பகுதி குடலுக்குப் போயிருக்கும்.

பிறகு எப்படி வர்ஜீனியாவில் அது பலித்தது? விடை பங்கேற்றவர்களின் வயதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதே வர்ஜீனியா குழு முன்னதாகச் செய்த சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் இது தெளிவாகும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் தண்ணீர் கொடுத்துவிட்டு, வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். இளைஞர்கள் சாப்பிட்ட அளவில் மாற்றமில்லை. வயதானவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். எடை கூடிய முதியவர்கள் 24 பேரிடம் காலை உணவில் இதைப் பார்த்தபோது, உள்ளே போன கலோரி 13 சதவீதம் குறைந்தது. வயது ஏற ஏற இரைப்பை காலியாகும் வேகம் குறைவது தெரிந்த விஷயம். அப்பாவுக்குப் பலிக்கிற வைத்தியம் கல்லூரி போகும் பையனுக்குப் பலிக்காமல் போக இதுவே போதுமான காரணம்.

2015-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் உடல் பருமன் உள்ள 84 பேரை வைத்து, சாப்பாட்டுக் கட்டுப்பாடு விதிக்காமல், இதே அரை லிட்டர் யோசனையைச் சோதித்தது. தண்ணீர் ஆராய்ச்சியில் தீராத தலைவலி ஒன்று உண்டு: போலி மாத்திரை தரலாம், போலித் தண்ணீர் தர முடியாது. குடித்தவருக்குத் தான் குடித்தது தெரியும். குடித்ததால் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்ற நினைப்பும் வந்துவிடும். பர்மிங்காம்காரர்கள் இதற்கு ஒரு உபாயம் செய்தார்கள். எதிர் அணியினரிடம், சாப்பிடும் முன் வயிறு நிரம்பியிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். 12 வாரம் கழித்துக் கற்பனை அணி 1 கிலோவுக்குச் சற்று மேல் இறங்கியிருந்தது. தண்ணீர் அணி அதைவிட 1.3 கிலோ கூடுதலாக. சின்ன வித்தியாசம்தான், ஆனால் செலவில்லாமல் கிடைத்தது. கற்பனைக்கும் ஒரு கிலோ உண்டு என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்த சோதனை 1999-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் செய்தது. ஒல்லியான பெண்கள் 24 பேர். மதிய உணவுக்கு முன்னால் ஒரு முன்உணவு: கோழி, அரிசி, காய்கறி சேர்த்துச் சமைத்தது, 270 கலோரி. ஒரு நாள் அதை அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதனுடன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், 356 மில்லி. மூன்றாவது முறை, அதே தண்ணீரை அதே பொருள்களோடு சேர்த்தே சமைத்து சூப்பாக. பிறகு மதிய உணவில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். வெறும் உணவு சாப்பிட்ட நாளிலும், டம்ளர் தண்ணீரோடு சாப்பிட்ட நாளிலும் மதியம் உள்ளே போனது ஏறத்தாழ ஒரே அளவு, 390 சொச்சம் கலோரி. சூப் குடித்த நாளில் மட்டும் 290-க்கு அருகில் இறங்கிவிட்டது. தண்ணீரின் அளவில் மாற்றமில்லை, பொருள்களிலும் மாற்றமில்லை. தண்ணீர் பக்கத்தில் இருந்ததா, உள்ளே இருந்ததா என்பது மட்டும் மாறியது. அது நூறு கலோரியைக் குறைத்தது.

ஏன் இப்படி என்பதை நாட்டிங்ஹாம்காரர்கள் 2012-இல் மறுபடியும் எம்ஆர்ஐ வழியாகக் காட்டினார்கள். திட உணவோடு தண்ணீர் குடித்தால், இரைப்பை திடப்பொருளைப் பிடித்துவைத்துக்கொண்டு தண்ணீரை முன்னே அனுப்பிவிடுகிறது. இரண்டையும் அரைத்துக் கலந்து கொடுத்தால் பிரிக்க முடிவதில்லை. மொத்தக் கனஅளவும் உள்ளேயே தங்கி, பசி அடங்கிய உணர்வு கூடுதல் நேரம் நிற்கிறது.

கஞ்சியும் கூழும் குடித்த ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லைதான். 50 கிராம் அரிசியைச் சோறாக வடித்தால் இரண்டு பிடி. அதையே நொய்யாக உடைத்துக் குழைய வேகவைத்தால் பெரிய கிண்ணம் நிறையக் கஞ்சி. கலோரி இரண்டிலும் 175 சொச்சம்தான். கேழ்வரகுக் கூழும், பள்ளிவாசலில் தரும் நோன்புக் கஞ்சியும் இதே இயற்பியலில்தான் இயங்குகின்றன. நோன்புக் கஞ்சியோடு வரும் சமோசா வேறு வழக்கு. காய்களுக்கும் இது பொருந்தும். பூசணி, சுரை, புடலை, வெள்ளரி எல்லாம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அது காயின் செல்களுக்குள் அடைபட்டிருப்பதால் மென்று விழுங்கிய பிறகும் சட்டென்று நழுவிப் போகாது. மறுகோடியில் முறுக்கு: தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை, 100 கிராமுக்குச் சுமார் 500 கலோரி. முறுக்கைத் தின்றுவிட்டு மேலே ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் அது பூசணிக்காய் ஆகிவிடாது.

இனி மூன்றாவது. தண்ணீர் எதன் இடத்தைப் பிடிக்கிறது?

பர்டூ பல்கலைக்கழகத்தில் டிமெக்லியோ, மேட்டஸ் என்ற இருவர் 2000-இல் செய்த ஆய்வு இதன் அடிப்படையைக் காட்டுகிறது. 15 பேருக்கு நாள்தோறும் 450 கலோரிச் சர்க்கரை, நான்கு வாரம் ஜெல்லி மிட்டாயாக, இன்னொரு நான்கு வாரம் சோடா பானமாக. மிட்டாய் தின்ற காலத்தில் அவர்களை அறியாமலே மற்றச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள், எடை ஏறவில்லை. பானமாகக் குடித்த காலத்தில் குறைக்கவே இல்லை, எடை ஏறியது. குடித்த சர்க்கரையை உடம்பின் பசிக் கணக்கு சரியாகக் குறித்துவைத்துக்கொள்வதில்லை. கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 11 கிராம் சர்க்கரை. 300 மில்லி பாட்டில் என்றால் 8 தேக்கரண்டி.

நம் ஆட்களிடம் கேட்டால், நான் கூல்டிரிங்ஸ் தொடுவதே இல்லை என்பார்கள். டீ, காபி? டம்ளருக்கு 2 தேக்கரண்டி வீதம் நாளைக்கு நான்கு முறை குடித்தால் 32 கிராம் சர்க்கரை, 130 கலோரி, பாலைச் சேர்க்காமலே. அதே கோலா பாட்டில்தான், தவணை முறையில். இதை நிறுத்தினால் எவ்வளவு இளைக்கலாம்? 7,700 கலோரிக்கு ஒரு கிலோ என்று வகுத்து, ஆண்டுக்கு 6 கிலோ என்று சொல்லிவிடுவார்கள் சிலர். அப்படி நேர்க்கோட்டில் உடம்பு இறங்காது. எடை குறையக் குறைய அதன் செலவும் குறையும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2011-இல் இதைச் சீர்செய்து ஒரு வாய்ப்பாடு தந்தார்: அன்றாடம் 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும், அதில் பாதி முதல் ஆண்டில், 95 சதவீதம் மூன்றாண்டில். 130 கலோரிக்கு இதைப் போட்டால் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல், மூன்று ஆண்டில். சர்க்கரை டீ இருந்த இடத்தில் தண்ணீர் வந்து, அந்த 130 வேறு கதவு வழியாக உள்ளே நுழையாமலும் இருந்தால்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் காலை வாருகிறது. வட கரோலினாவில் 318 பேருக்கு ஆறு மாதம் சர்க்கரைப் பானத்துக்குப் பதிலாகத் தண்ணீரோ சர்க்கரையில்லாப் பானமோ கொடுத்துப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். தண்ணீர் அணி எடையில் 2 சதவீதம் குறைந்தது. பான மாற்றம் எதுவும் செய்யாமல் பொதுவான ஆலோசனை மட்டும் பெற்ற அணியோ 1.8 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

குழந்தைகளிடம் நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. ஜெர்மனியின் டார்ட்மண்ட், எஸ்ஸன் நகரங்களின் ஏழ்மையான பகுதிகளில் 32 தொடக்கப் பள்ளிகள். பாதியளவு பள்ளிகளில் குடிநீர்க் குழாய் அமைத்து, தண்ணீர் பற்றிச் சில பாடங்களும் நடத்தினார்கள். ஒரு கல்வியாண்டு கழித்து, அந்தப் பள்ளிகளில் எடை கூடும் அபாயம் 31 சதவீதம் குறைந்திருந்தது. பிள்ளைகள் நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஆனால் பழச்சாறும் குளிர்பானமும் குடிப்பது குறைந்ததாகப் பதிவாகவில்லை. உடல் எடைக் குறியீட்டின் சராசரியும் மாறவில்லை. என் இடம்பிடிக்கும் கொள்கைக்கு இது இடிக்கிற தகவல்தான், மறைக்க விரும்பவில்லை. நியூயார்க் நகரம் பின்னர் தன் பள்ளி உணவுக்கூடங்களில் குளிர்நீர்க் கருவிகளை வைத்தபோது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். எடைக் குறியீடு குறைந்திருந்தது, இரண்டாவது தசம இடத்தில். எப்படி இருந்தாலும் பள்ளியில் நல்ல குடிநீர் இருக்க வேண்டும் என்பதற்கு எடை ஒரு காரணமாக வேண்டியதில்லை.

எடை இயந்திரம் செய்யும் மாயத்தையும் தண்ணீர்க் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் மளமளவென்று 2 கிலோ இறங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். கல்லீரலும் தசைகளும் சேர்ந்து மாவுச்சத்தை ஏறத்தாழ அரை கிலோ கிளைக்கோஜனாகச் சேமித்துவைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்து வராவிட்டால் கிளைக்கோஜன் கரைகிறது, அதன் தண்ணீர் சிறுநீராகப் போகிறது. இயந்திரத்தில் குறைந்தது அது. ஒரு கல்யாணப் பந்திக்குப் போய்வந்தால் மறுநாளே திரும்பிவிடும். சில நாளில் சில கிலோ என்று விளம்பரம் செய்யும் திட்டங்கள் எல்லாம் இந்தத் தண்ணீரைத்தான் விற்கின்றன.

எவ்வளவு குடிக்கலாம்? நாளைக்கு எட்டு டம்ளர் என்ற விதியின் வேரைத் தேடிய ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக இயல் பேராசிரியர், அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2002-இல் எழுதினார். 1945-இல் அமெரிக்க உணவு ஊட்டச்சத்து வாரியம் இரண்டரை லிட்டர் என்று சொன்னபோது, அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் சேர்த்தே சொல்லியிருந்தது. முதல் வரியை மட்டும் உலகம் மனப்பாடம் செய்துகொண்டது. 2022-இல் 23 நாடுகளைச் சேர்ந்த 5,604 பேரை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, இருபதுகளில் உள்ள ஆணின் உடம்பில் நாளொன்றுக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் மாறுகிறது என்று கண்டது. அதில் தண்ணீராகக் குடிப்பது பாதிக்கும் கீழே. சோறு, காய், பழம், பிற பானங்கள், உடம்பே எரிப்பில் உண்டாக்குவது எல்லாம் மீதி. வெயிலும் உழைப்பும் கூடினால் அளவு ஏறும். தூத்துக்குடி உப்பளத்தில் நிற்பவருக்கும் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே டம்ளர்க் கணக்கைச் சொல்வதில் பொருளில்லை. தாகம் என்ற அளவுகோல் பெரும்பாலோருக்குப் போதும். ரத்தத்தின் உப்புச் செறிவு ஓரிரு சதவீதம் ஏறினாலே அது மணியடித்துவிடும்.

மறுபக்கத்திலும் எல்லை உண்டு. சிறுநீரகத்தால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் விடாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கத் தொடங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிமுடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூவருக்கு உயிராபத்தான அளவில். அந்த ஓட்டத்தில் ஒரு இளம் பெண் இதனால் இறந்தும் போனார். ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்கள்தான் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள். காலையில் எழுந்ததும் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை நான் மேலே அனுப்புவதில்லை.

சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் என்பது ஆரோக்கியமானவருக்கு அந்த எல்லைக்குக் கிட்டக்கூட வராது. ஆனால் அது பலித்துக் காட்டிய வயது 55-க்கு மேல். இதயம் பலவீனமாகித் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்படுபவர்களும், சிறுநீரகம் தளர்ந்தவர்களும், ரத்த அழுத்தத்துக்காகத் தயசைடு வகை நீர்ப்போக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் அதே வயதுக்காரர்கள்தான். தயசைடு சாப்பிடும் முதியவர்களுக்குச் சோடியம் சரிவது மருத்துவமனைகளில் அடிக்கடி காணும் சங்கதி. தலைசுற்றல், குழப்பம், தடுமாறி விழுதல் என்று அது வெளிப்படும். இவர்கள் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைப் புதிதாகச் சேர்ப்பதற்கு முன்னால், தங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். டீயில் சர்க்கரையை நிறுத்துவதற்கு அந்த அனுமதி தேவையில்லை, ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தால் தவிர.